நிரம்பாத டியூப்: இரத்தம் எடுக்கும் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பகல் பன்னிரண்டே காலுக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. காலையில் அனுப்பிய மாதிரி ஒன்றில் பொட்டாசியம் 7.1. லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருந்தால் இயல்பு. 7-ஐத் தாண்டியது என்றால் எந்த நேரமும் இதயத் துடிப்பு தடம் புரளலாம் என்று மருத்துவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அந்த இரத்தத்தை எடுத்தவர் என்னிடம் மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றுவந்த மாணவி. பயிற்சியில் ஆறாவது வாரம். பொம்மைக் கையை விட்டு நோயாளிகளிடம் எடுக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

அவருடைய செய்முறை மதிப்பீட்டுத் தாளில் 24 படிகளுக்கும் சரி போட்டுக் கையெழுத்திட்டவள் நான். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான். நோயாளி, மாணவி இருவரையும் யாரென்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

நோயாளி 58 வயது ஆண். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறவர். வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார்: இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகச் செயல்பாடு, உப்புகள், கால்சியம், கல்லீரல் சோதனைகள் (அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு அவற்றில் ஒன்று). இரண்டு டியூப் போதும். சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், அதில் செய்யும் சோதனைகளுக்குச் சிவப்பு மூடி, அணுக்களுக்கு ஊதா மூடி.

மாணவி பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்துத் தாளோடு ஒப்பிட்டார். கை கழுவினார், கையுறை போட்டார். முழங்கை மடிப்புக்கு நான்கு விரல் மேலே பட்டையைக் கட்டினார். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயும் வரை பொறுத்தார். ஊசியும் முதல் குத்திலேயே உள்ளே போனது. சிவப்பு டியூப் முதலில், ஊதா பிறகு என்ற வரிசையையும் அவர் மாற்றவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். காரணம், டியூப் வரிசை தப்பியிருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் முதலில் நினைத்தோம்.

5 மி.லி. சிவப்பு டியூப் பாதி நிறைந்தபோது ஓட்டம் மெலிந்தது. இரத்தத்தை உள்ளே இழுக்கும் வெற்றிடம் டியூபில் தீர்ந்துவிட்டது என்று எண்ணி ஊதாவை மாட்டினார். டியூப் மாற்றியபோது ஊசி கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். இரத்தம் மறுபடி வந்து ஊதா டியூப் கோடு வரை நிறைந்தது. அதன்பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாணவி பட்டையைத் தளர்த்தி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார். ஊசி கூர்முனைப் பெட்டிக்குப் போயிற்று. மதிப்பீட்டுத் தாள் கிட்டத்தட்ட இந்த இடத்தில் முடிந்துவிடும். நோயாளி எழுந்து போன பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

பிறகு அந்த போன். மருத்துவரின் நினைவு முதலில் மாத்திரையின் மேல் போனது. எனலாப்ரில் வகை மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை, ஆகவே 7.1 நம்ப முடியாத எண்ணாகத் தோன்றவில்லை. பொய்யான முடிவு ஒன்று நம்பும்படியான நோயாளியின் மேல் வந்து உட்காரும்போதுதான் ஆபத்து அதிகம். நோயாளியை உடனே திரும்ப அழைத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். பொட்டாசியம் மிகும்போது தெரியும் உயரமான, கூம்பு போன்ற டி அலை எதுவும் இல்லை. ஆனால் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மருந்து டிராலி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த நேரத்தில் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் மறுபடி கூப்பிட்டார். மற்ற முடிவுகளும் வந்திருந்தன. "கால்சியம் 3.8 காட்டுது. இவ்வளவு கம்மியான கால்சியத்தோட ஒரு மனுஷன் நடந்து வீட்டுக்குப் போயிருக்க முடியாது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் வெறும் 14. புதுசா எடுத்து அனுப்புங்க, அதுவரைக்கும் எதுவும் ஏத்தாதீங்க."

மறு கையிலிருந்து நானே எடுத்தேன். பொட்டாசியம் 4.3. கால்சியம் 9.4. அல்கலைன் பாஸ்பட்டேஸ் 78. டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்சுலினும் குளுக்கோஸும் ஏறியிருந்தால் நல்ல நிலையில் இருந்த ஒருவரின் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் நாங்களே கீழே தள்ளியிருப்போம்.

எண்கள் சொன்ன கதை

பொட்டாசியம் பொய்யாக ஏறுவதற்குக் காரணங்கள் பல. நோயாளி முஷ்டியை மூடி மூடித் திறந்தால் ஏறும். பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைப்பதும் நல்லதல்ல. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். சீரம் பிரிக்காத மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் இதே கதிதான். இவற்றில் எதுவும் கால்சியத்தை 3.8-க்கு இறக்காது. அணுக்கள் உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும். இது தெளிவான மஞ்சளாக இருந்தது.

பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே, அல்கலைன் பாஸ்பட்டேஸ் கீழே. மூன்றும் சேர்ந்து வந்தால் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் முதலில் நினைப்பது ஊதா டியூபைத்தான். அதன் உட்சுவரில் பூசியிருப்பது ஈடிடிஏ என்ற பொருளின் பொட்டாசிய உப்பு. இரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால் இரத்தம் உறையாமல் நிற்கிறது. அணுக்களை எண்ண அதுதான் தேவை. ஆனால் அந்த இரத்தம் சிவப்பு டியூபில் கலந்துவிட்டால் உப்பிலிருக்கும் பொட்டாசியம் முடிவில் ஏறும், கால்சியம் கவ்வப்பட்டுக் குறைவாகத் தெரியும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்ய மக்னீசியமும் துத்தநாகமும் வேண்டும். அவற்றையும் ஈடிடிஏ விட்டுவைக்காது என்பதால் அந்த நொதியும் படுத்துவிடும்.

இங்கே எவ்வளவு கலந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று மி.லி. இரத்தத்தில் ஊதா டியூபின் இரத்தம் அரை மி.லி. இருந்தால் போதும், இந்த எண்கள் வந்துவிடும். மாதிரி வழக்கம்போல் உறைந்தும் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. டியூபைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

விசாரணை

மாணவியைக் கூப்பிட்டு "என்ன செய்தாய்?" என்று கேட்டேன். எல்லாப் படியையும் ஒப்பித்தார். ஒன்றும் விடவில்லை. "சிவப்பு முதல்ல, ஊதா அப்புறம். மாத்தலை மேடம்." அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை வேறு வழியில் முயன்றேன். பொம்மைக் கையில் சிவப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் ஒரு கிளிப் இருக்கும். மேசைக்கு அடியில் அதை என் கையில் வைத்துக்கொண்டு, நேற்று எடுத்தபடியே எடுக்கச் சொன்னேன். சிவப்பு டியூப் பாதி வந்ததும் கிளிப்பை அழுத்தினேன். ஊதாவை மாட்டியதும் விட்டேன், அது நிறைந்ததும் மறுபடி அழுத்தினேன். அவர் ஊசியை எடுத்தார், பஞ்சு வைத்தார், ஊசியைப் பெட்டியில் போட்டார். பிறகு இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்று நிறைவு, ஒன்று பாதி. இயல்பாக, கொஞ்சமும் தயங்காமல், இரண்டின் மூடியையும் திறந்து ஊதாவிலிருந்து சிவப்புக்கு ஓர் அரை மி.லி. சாய்த்து ஊற்றினார். மூடியைப் போட்டார். ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்தார், நான் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கை மாறாமல்.

"இது எதுக்கும்மா?"

"இது கம்மியா இருக்கு மேடம். திருப்பி அனுப்பிடுவாங்க. அவருக்கு மறுபடி குத்தணும். ரெண்டும் அவரோட ரத்தம்தானே?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் பதில் சொல்ல நேரமானது. ரெண்டும் அவரோட ரத்தம்தான். ஆறு வாரத்தில் அது ஏன் சரியில்லை என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

திருப்பி அனுப்பும் கதை எங்கிருந்து வந்தது என்றும் தோண்டினோம். முந்தைய வாரம் இரத்த உறைவுச் சோதனைக்கு அவர் எடுத்த நீல டியூப் ஒன்று குறையாக இருந்ததால் ஆய்வகம் நிராகரித்திருந்தது. நீல டியூபில் அது நியாயம். உள்ளே திரவ சிட்ரேட் அளந்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். இரத்தம் குறைந்தால் விகிதம் கெட்டு, உறைவு நேரம் பொய்யாக நீளும். சிவப்பு டியூபில் அப்படி ஒரு விகிதமே கிடையாது. பாதி டியூப் இரத்தத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மி.லி. சீரம் கிடைக்கும், கேட்டிருந்த சோதனைகளுக்கு அது தாராளம். ஆக, அன்றைய பாதி டியூபை அப்படியே அனுப்பியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. நிராகரித்த சீட்டில் "அளவு போதவில்லை" என்று மட்டும் இருந்தது. எந்த டியூபுக்கு, ஏன் என்று இல்லை. அவர் அதிலிருந்து தானே ஒரு விதி செய்துகொண்டார்: எல்லா டியூபும் கோட்டைத் தொட வேண்டும். காரணம் தெரியாதவருக்குக் கிடைத்த ஒரே துப்பு அது.

பயிற்சி எங்கே ஓட்டை

டியூப் வரிசை எல்லாப் பயிற்சியிலும் மனப்பாடப் பகுதி. இரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டியிலும் வரிசை ஏறக்குறைய இதேதான். மாணவர்கள் முதலெழுத்துகளைக் கோத்துப் பாட்டாகவே வைத்திருப்பார்கள். முன் டியூபில் இருக்கும் பொருள் ஊசி வழியாகப் பின் டியூபுக்கு ஒட்டிக்கொண்டு போகாமலிருக்கத்தான் அந்த வரிசை. அதைப் புரிந்துகொண்டவர் டியூபிலிருந்து டியூபுக்கு ஊற்ற மாட்டார்; ஒரு துளி போகக் கூடாது என்று வரிசையே வைத்திருக்கும்போது அரை மி.லி. ஊற்றுவதாவது! பாட்டாக மட்டும் தெரிந்தவருக்கு வரிசை ஊசி வெளியே வந்ததும் முடிந்துபோகிறது.

பொம்மைக் கையின் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நல்ல கருவிதான், கை பழகும். ஆனால் அதில் இரத்தம் நிற்காது. நாளம் நழுவாது. யாரும் மயங்கி விழ மாட்டார்கள். எல்லா டியூபிலும் அதே சாயத் தண்ணீர் போவதால் டியூப் என்பது வெறும் நிறமூடி போட்ட குப்பி என்று மனதில் பதிந்துவிடுகிறது. என் மாணவர்கள் எப்போதும் "காலி டியூப்" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம் பேச்சில் "நரம்பு கிடைக்கலை" என்றால் ஊசி போட நாளம் கிடைக்கவில்லை என்று பொருள். சுளீர் என்று மின்சாரம் பாய்வது போன்ற வலி தருகிறதே, அதுவும் நரம்பு. ஒரு வகுப்பில் "நரம்பில் குத்திவிடாதே, குத்திவிட்டால் உடனே ஊசியை எடு" என்று சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், "நரம்புலதானே குத்தச் சொன்னீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேள்வியில் தவறில்லை. முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் பெரிய நாளத்துக்குப் பக்கத்திலேயே தமனியும் உணர்வு நரம்பும் போகின்றன. நடுவில் இருக்கும் நாளத்தை முதலில் தேடச் சொல்வது அதனால்தான். அன்றிலிருந்து வகுப்பில் இரத்தம் ஓடுவதை நாளம் என்றும், வலி பாய்வதை மட்டும் நரம்பு என்றும் சொல்கிறேன். நோயாளியிடம் பேசும்போது நரம்பு என்றே இருக்கட்டும்.

மாற்றியவை

மதிப்பீட்டுத் தாளில் ஒரு படியைச் சேர்த்து, "டியூபிலிருந்து டியூபுக்கு ஊற்றக் கூடாது" என்று எழுதிவிடலாம் என்றுதான் கூட்டத்தில் பலரும் சொன்னார்கள். 25-ஆவது படி. எழுதினோம், அதில் கெடுதல் இல்லை. ஆனால் அடுத்த மாணவர் ஊற்றாமல் வேறொன்றைச் செய்வார். மூடியைத் திறந்து சிரிஞ்சால் உறிஞ்சி ஊதாவிலிருந்து சிவப்புக்கு ஏற்றுவார். தாள் அதைத் தடுக்காது.

நான் மாற்றியது முதல் வகுப்பை. இப்போது ஊசியைத் தொடுவதற்கு முன் டியூப்களைப் பிரித்து மேசையில் வைக்கிறேன். நீலத்தை ஆட்டினால் அடியில் திரவம் தெரியும். சாம்பலில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும். ஊதாவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, உலர்ந்த பூச்சு. "இது காலியா?" என்று கேட்பேன். காலி என்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கச் சொல்வேன். அதில் பொட்டாசியம் என்ற சொல்லை அவர்களே கண்டுபிடித்துப் படிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். 7.1 கதையை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

செய்முறையைக் கற்பிக்க பேட்டன் என்பவர் பெயரால் வழங்கும் நான்கு படி முறை ஒன்று உண்டு. பயிற்றுநர் முதலில் பேசாமல் செய்துகாட்டுவார். அடுத்து விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிச் செய்வார். முன்பு நேரமில்லை என்று மூன்றாவதைத் தாண்டிவிடுவேன். இப்போது அதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். சொன்னதை மட்டும் செய்வேன், சொல்லாததைச் செய்ய மாட்டேன். "ஊசியை எடுங்க" என்றார் ஒருவர். பட்டையைத் தளர்த்தச் சொல்லவில்லை. எடுத்தேன். பொம்மைக் கையிலிருந்து சிவப்புத் தண்ணீர் மேசை முழுக்க ஓடியது. துடைத்தவரும் அவரே. அதற்குப் பிறகு அவர் பட்டையை மறந்து நான் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்பதும் இந்தப் படியில்தான். ஏன் காய விட வேண்டும், ஏன் டியூபில் பெயர்ச் சீட்டை நோயாளியின் பக்கத்திலேயே வைத்து ஒட்ட வேண்டும், ஏன் ஊதாவை எட்டு முதல் பத்து முறை கவிழ்க்க வேண்டும், ஏன் குலுக்கக் கூடாது.

பிறகு, கெட்டுப்போகும் தருணங்களுக்கு ஒத்திகை. கிளிப் இப்போது நிரந்தரமாக என் கையில். ஓட்டம் நிற்கும். குத்திய இடம் வீங்கும். சக மாணவர் நோயாளியாக உட்கார்ந்து திடீரென்று வியர்த்துச் சாய்வார். ஊசியை எடுப்பது முதலா, ஆளைப் பிடிப்பது முதலா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். தாளில் ஒரு பிறந்த தேதி, வாயில் வேறு. இரண்டு முறை குத்தியும் வரவில்லை என்றால் மூன்றாவது குத்து கிடையாது, மூத்தவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதையே ஒத்திகை பார்க்கிறோம். வேடிக்கையாக இருக்கலாம். "எனக்கு வரலை, நீங்க வர முடியுமா?" என்ற வரியை நோயாளியின் முன்னால் வாய்விட்டுச் சொல்வது ஊசி குத்துவதைவிடப் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. சிலருக்குக் குரலே எழும்புவதில்லை.

ஆய்வகத்திடமும் ஒன்று கேட்டோம். நிராகரிப்புச் சீட்டில் காரணத்தை ஒரு வரியாவது எழுத வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். எல்லாச் சீட்டிலும் எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், அவசர நேரத்தில் பழைய "போதவில்லை"தான் வருகிறது.

நோயாளியிடம் மருத்துவர் அன்று மாலையே நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். மாணவியும் கூட நின்றார். நிற்கச் சொன்னது நானல்ல, அவராகவே வந்தார். நோயாளி ரொம்ப நேரம் ஈசிஜி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறையும் இல்லை என்றதும்தான் கோபப்பட்டார். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் கோபம் குறைவுதான்.

மாணவியின் மதிப்பீட்டை நான் ரத்து செய்து, புதிய முறையில் மறுபடி நடத்தினேன். மற்றவர்களுக்கும் அதேபோல், விதிவிலக்கு இல்லாமல். நான்கு வாரம் கழித்து ஒரு காலை அவர் இரத்தம் எடுக்கும் அறைக் கதவருகே நான் நின்றிருந்தேன். நாளம் மெலிந்த ஒரு மூதாட்டி. சிவப்பு டியூபில் இரண்டு மி.லி.க்கும் குறைவாக வந்து நின்றுவிட்டது. ஊதாவில் ஒரு கீற்று. மாணவி ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி, அங்கேயே சீட்டை ஒட்டினார். பிறகு கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஆய்வகத்துக்கு போன் போட்டார். "சிவப்பு ரெண்டுக்கும் கம்மியா இருக்கு, எந்த டெஸ்ட்டை முதல்ல போடுவீங்க? ஊதா கொஞ்சம்தான் இருக்கு, அது ஆகுமா?" மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். சிவப்பை மட்டும் பையில் போட்டு அனுப்பினார். ஊதாவைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மூதாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, இன்னொரு தடவை எடுக்கணும். இந்தத் தடவை எங்க மேடம் எடுப்பாங்க" என்றார்.